கறுப்பு மணல் மேல் போட்ட பழி

ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். முன்பெல்லாம் ரத்தத்தையோ சதைத் துணுக்கையோ தூர நகரத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோமே, அந்த மரபணுச் சோதனையை இனி நம் ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாமாம். அதைத் தொடங்கும் நாளில் ஒரு மலர் வெளியிடுகிறார்கள்.

"லீலாக்கா, நீங்க ஒண்ணு எழுதித் தரணும்" என்றாள் ஷைனி.

"எனக்கு எட்டாங்கிளாசு வரைக்கும்தாம்ட்டி படிப்பு."

"அத நாங்க திருத்திக்கிடுதோம். நீங்க உள்ளத எழுதுனாப் போதும்."

கூட வந்தவள், "துக்கமா எழுதிராதீங்கக்கா, மந்திரி வாறாரு" என்றாள். அதற்கு நான் உறுதி கொடுக்கவில்லை.

நான் ஓர் இடத்தில் நிலைக்கிற ஆள் இல்லை. இரணியலில் பிறந்தேன். அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அண்டியாபீசுக்குப் போனேன். முந்திரித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஓடு உடைக்கிற பிரிவில் கை கறுத்து வெந்துபோகும் என்பதால் தோல் உரிக்கிற பிரிவுக்குச் சண்டை போட்டு மாறினேன். வறுத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் சிவந்த தோலைப் பருப்பு பிளக்காமல் எடுக்கவேண்டும். பிளந்தால் திட்டு. அங்கே மேற்பார்வைக்காரனோடு ஒத்துப்போகவில்லை. எறணாகுளத்துக்குப் போய் வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். பிறகு மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல். அந்த வீட்டம்மா நல்லவள். அவள் மாமியார் கை நீட்டுவாள். திரும்பி வந்து திருப்பூரில் பனியன் கம்பெனி. இடையில் ஒரு கல்யாணமும் நடந்தது. அது பனியன் கம்பெனி வேலை நீடித்த அளவுக்குத்தான் நீடித்தது. ஓர் இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது என் வழக்கம். அதைப் பெரிய கஷ்டமாக நான் நினைத்ததில்லை.

கடைசியில் ஊருக்கே திரும்பி, இந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்க வந்தேன். இங்கேயும் இரண்டு வருடம்தான் என்று எண்ணியிருந்தேன்.

நோய்க்குறி ஆய்வகத்தில் அப்போது இருந்தவர் பெரிய டாக்டர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். சிடுசிடுவென்று இருப்பார். ஆனால் யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், துடைக்கிறவளே என்று கூப்பிட்டதில்லை. ஒருநாள் நான் அவர் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, சதை வெட்டும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் கையில் மெழுகு நாடா கிழிந்து கிழிந்து போனது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அவன் மூச்சு அதுல படுது சார்" என்றேன். பருப்புத் தோல் காற்றில் பறக்கும் என்பதால் அண்டியாபீசில் நாங்கள் தலையைச் சாய்த்து மூச்சு விடப் பழகியிருந்தோம்.

"உனக்கு வருமா?" என்றார்.

"தெரியாது. செய்து பாக்கேன்."

முதல் நாள் எனக்கும் கிழிந்தது. மறுநாளும் கிழிந்தது. அதற்கடுத்த வாரம் கிழியவில்லை. அப்படித்தான் துடைப்பத்தை வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. டாக்டர் திட்டுவார், நான் கற்றுக்கொள்வேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பிலிருந்து எடுத்த சதையைப் பார்மலினில் போட்டு அழுகாமல் காப்போம். பிறகு சாராய வகைத் திரவத்தில் ஊறவைத்து அதிலுள்ள தண்ணீரை எடுப்போம். தண்ணீர் இருந்த இடத்தில் உருகிய மெழுகு ஏறும். ஆறியதும் சதை ஒரு மெழுகுக் கட்டிக்குள் புதைந்து நிற்கும். அந்தக் கட்டியைப் பனிக்கட்டி மேல் வைத்துக் குளிரவிட்டு, இயந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் கத்தி மேல் நாடா நாடாவாகச் சீவல் வரும். வெங்காயச் சருகு அதைவிடப் பல மடங்கு தடிமன். அந்த நாடாவைத் தூரிகையால் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். கண்ணாடிச் சில்லை அடியில் கொடுத்து மெல்லத் தூக்கவேண்டும். அப்புறம் சாயம். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதன் பிறகு டாக்டரின் கண்.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தைகளின் சில்லை அவர் பார்த்த அன்றைக்கே கையெழுத்துப் போடமாட்டார். பார்ப்பார், எழுந்து போய் வெளியே அயனிப்பலா மரத்தடியில் நிற்பார், வந்து வேறு வேலை பார்ப்பார். மறுநாள் காலையில் புதிதாகப் பார்ப்பதுபோல் மறுபடியும் பார்ப்பார். மேலே இருந்து சத்தம் போடுவார்கள். "மொதல்ல தோணுகது எனக்கத் தோணல். ரெண்டாமது பாக்கும்போ தெரியதுதான் அதுல உள்ளது" என்பார். சத்தம் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சில்லு மறுநாள்தான் போகும்.

அந்த அறைக்கு ஆயிஷா வந்ததைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் வாப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆயிஷாவுக்கு ஐந்து வயது. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். வாப்பா காதர் மீன் பிடிக்கப் போகிறவர். உம்மா நசீமா, கையில் ஒரு கைக்குழந்தை, ரியாஸ். ஆயிஷாவின் தொடையில் முட்டிக்கு மேலே ஒரு கட்டி. விழுந்ததில் வீங்கியது என்று எண்ணெய் தடவியிருக்கிறார்கள். அது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை டாக்டர் அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினார். கொண்டுவரவேண்டிய பணியாளர் தேநீர் குடிக்கப் போய்விட்டதால் காதரே பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் எங்களை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்.

அந்தத் துணுக்கை நான்தான் சீவினேன். மறுநாள் காலை டாக்டர் இரண்டாவது முறை பார்த்துவிட்டு, "எடி லீலா, இஞ்ச வா. பாரு" என்றார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் உருப்பெருக்கி அவரிடம் இருந்தது.

பார்த்ததும் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வகையை எனக்கு முன்பே தெரியும். தசையாக மாறவேண்டிய செல், மாறத் தெரியாமல் நின்றுபோய்ப் பெருகிக்கொண்டே இருப்பது. குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். சிறிய நீல உருண்டைகளாக, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆயிஷாவினுடையது அப்படி இல்லை. இடையிடையே பெரிய பெரிய கருக்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், மிதித்துப் போட்ட புளியம்பழம் மாதிரிக் கோணல்மாணலாக.

"ஒரு செல்லு ரெண்டாப் பிரியும்போ உள்ளே உள்ள நூலெல்லாம் ரெண்டு பக்கமும் சமமாப் போகும். இத பாரு" என்று ஊசி முனையால் காட்டினார். மூன்று பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. "நூலு அறுந்து, மாறி ஒட்டி, எவனுக்கு எவ்வளவுன்னு கணக்கில்லாமப் போயிருக்கு. இப்படி நிலையில்லாம இருந்தா, ஒவ்வொரு தடவ பிரியும்போதும் புதுசா ஒரு சேட்ட கத்துக்கிடும். மருந்து குடுத்தா அதுக்குத் தப்பிக்கவும் கத்துக்கிடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இந்தக் கட்டிக்குள்ள மட்டும் நடந்த காரியமா, இல்ல பிறவியிலேயே உடம்பு முழுக்க உள்ளதான்னு தெரியணும். அந்த வாப்பாவக் கூப்பிடு."

டாக்டர் பேசும் விதத்தைச் சொல்லவேண்டும். வந்தவர்களைத் தன் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசமாட்டார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். காதர் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்க வீட்டுல இதுபோல வேற யாருக்கும் வந்ததுண்டா?" என்று கேட்டார்.

காதரின் மூத்த சகோதரி முப்பது வயது தாண்டியதுமே மார்பில் கட்டி வந்து இறந்திருந்தாள். அவள் மகன் பதினைந்து வயதில், கால் எலும்பில். காதர் இதைச் சொல்லிவிட்டு, டாக்டர் பேசுவதற்குள் தானே முடித்தார்: "எல்லாரும் அதே மண்ணுல கெடந்தவங்கதான் சார்."

எங்கள் கடற்கரையில் கறுப்பு மணல் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அதில் ஏதோ கதிர் இருக்கிறது என்றும், அதனால்தான் கரையில் புற்றுநோய் என்றும் பேச்சு. கல்யாண வீட்டிலும் பேசுவார்கள், சாவு வீட்டிலும் பேசுவார்கள்.

"மண்ணு என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்லமாட்டேன். ஆனா இது மண்ணு செய்த மாதிரி எனக்குப் படல்ல" என்றார் டாக்டர். "உனக்க வல தெனமும் கிழியுமா?"

"கிழியும்."

"யாரு தைக்கா?"

"நானும் எனக்க அண்ணனும்."

"அண்ணன் இல்லேன்னா?"

"நான் தைப்பேன்."

"நீயும் படுத்துட்டேன்னா?"

காதர் சிரித்தார். "கிழிஞ்ச வலையோடதான் போவணும். போனா இன்னும் கிழியும். பொறவு வல இருக்காது, ஓட்டதான் இருக்கும்."

"அவ்வளவுதான் காரியம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கிழிசல் தைக்கதுக்கு ரெண்டு ஆளு உண்டு. ஒருத்தன் உம்மா தந்தவன், ஒருத்தன் வாப்பா தந்தவன். சில வீடுகள்ல பிள்ளைங்க ஒத்தையாளோடதான் பிறக்கும். அந்த ஒருத்தனும் ஒருநாள் எங்கயாவது ஒரு செல்லுல படுத்துருவான். உனக்க வீடு அப்படிப்பட்டதோன்னு எனக்குச் சந்தேகம். பிள்ளைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினா தெரியும்."

காதர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ரியாசுக்கு?"

"அவனுக்கும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி."

"இருந்தா மாத்த முடியுமா?"

"முடியாது."

"அப்ப வேண்டாம் சார்" என்று எழுந்துவிட்டார்.

அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். மணல் என்றால் அதை விட்டு விலகலாம். ரத்தம் என்றால் எங்கே போவது?

மருந்து தொடங்கியது. ஆயிஷா மொட்டைத் தலையோடு எங்கள் வாசலில் வந்து நிற்பாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள், "மாமி, எனக்க கட்டிய எங்க வச்சிருக்கிய?"

காட்டலாமா என்று டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடி நடுவில் ஒரு சொட்டு ரோஸ் நிறம்.

"இம்புடுதானா?" என்றாள். "இதுக்கா உம்மா அழுதா?"

டாக்டர் எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டார்.

கட்டி சுருங்கியது. அறுத்து எடுத்தார்கள். எடுத்ததில் பாதிக்குமேல் மருந்தில் செத்துப்போன சதை என்று எழுதினோம். எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. சில மாதம் கழித்து நுரையீரலில் வந்தது. அதிலிருந்து எடுத்த துணுக்கையும் நான்தான் சீவினேன். முன்பு பார்த்த கோணல் கருக்கள் அதில் இன்னும் கோணலாக, அடுத்தடுத்து நெருங்கிக் கிடந்தன. டாக்டர் சொன்னது சரியாகிவிட்டது. மருந்துக்குத் தப்பிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அந்த நோன்புப் பெருநாளுக்கு ஆயிஷாவுக்குப் புதுச்சட்டை எடுத்துவைத்திருந்தார்கள். அவள் அதைப் போடவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் காதர் வந்தார்.

"லீலாக்கா, நீங்க எல்லா ஊரும் போனவங்க. மணலே இல்லாத ஊரு எது?"

"மலப்பக்கம்தான். குலசேகரத்துல ரப்பர் வெட்டத் தெரிஞ்சா வேல உண்டு."

"படிச்சுக்கிடலாம். ஆயிஷாவ விட்டுட்டேன். இவன விடமாட்டேன்."

படகில் தனக்கிருந்த பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நசீமாவையும் ரியாசையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். நான் பல ஊர் மாறியிருக்கிறேன், எல்லாம் எனக்காக. ஒரு பிள்ளைக்காக ஊர் மாறியவரை அப்போதுதான் பார்த்தேன்.

வருடங்கள் போயின. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அதே நாற்காலியில் இருந்தேன். சோதனை முறைகள் மாறின. அதிகச் செலவு பிடித்த அந்த மரபணுச் சோதனையை ஏழைகளுக்கும் செய்துகொடுக்க ஒரு திட்டம் வந்தது. டாக்டர் ஓய்வுபெறும் நேரம். அவர் அறையில் பழைய சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் திடீரென்று கேட்டார், "அந்தக் காதர் எங்கடி இருக்கான்?"

"குலசேகரத்துல சார்."

"எனக்கு அவனுக்க ஓர்ம, அந்த நெனப்பு விட்டுப் போகமாட்டேங்குது. நீ போய்க் கூட்டிட்டு வா. நான் இருக்கும்போதே அந்தப் பையனுக்குப் பாத்துரலாம்."

ஞாயிற்றுக்கிழமை தக்கலையிலிருந்து திருவட்டாறு வழியாகப் பஸ் ஏறினேன். ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டு வீடு. பக்கத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட கொட்டகையின் புளித்த வாடை. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் கோப்பையும் இருந்தன. காதர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தார். வந்தவர் நடுவழியில் நின்றார்.

"எந்தப் பக்கத்துல இருந்து வாறிய அக்கா?"

"வீட்டுல இருந்துதான். இரணியல்."

"இருந்தாலும் கால ஒருக்காக் கழுவிருங்க."

கழுவினேன். அந்த வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அதுதான் சட்டம். கடற்கரையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "மக்கா, நான் என்ன பீயா மிதிச்சுட்டு வந்தேன்?" என்று கேட்டு, கோபித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டாராம். சங்கு, சிப்பி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. மணலில் காயவைத்தது என்று கருவாடுகூட வாங்குவதில்லை. மீன்பிடிக்காரர் வீட்டில் அன்று மரச்சீனிக் கிழங்கும் கோழியும்.

"ரப்பர் வேல எப்படி காதரே?"

"துடுப்பு வலிச்ச கைக்கு இந்தக் கத்தி பொம்ம மாதிரி இருக்குக்கா. ஆனா மரம் அசையாம நிக்குது பாத்தியளா, அதுதான் இன்னும் பழகல்ல."

ரியாஸ் கூத்துக்காரன் போல எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு வயது. கடலைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறான். மலை உச்சியில் ஏறினால் அங்கிருந்தே கடல் தெரியும், அவ்வளவு தூரம்தான்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். காதர் முகம் மாறியது.

"டாக்டரப் பாக்க வாறேன். ரத்தம் குடுக்கமாட்டேன்."

"என்னத்துக்கு?"

"தெரிஞ்சா என்ன செய்வாரு? ஒத்தையாள ரெண்டாளாக்கிருவாரா?"

"ஆக்கமாட்டாரு. ஆனா அடிக்கடி படம் எடுத்துப் பாத்தா, வந்தாலும் சின்னதுலயே புடிக்கலாம்."

"வராதுக்கா. மண்ண விட்டு வந்தாச்சுல்லா. இவனப் பாருங்க, ஒரு காய்ச்சல் உண்டா, ஒரு சளி உண்டா?"

அதுவரை சமையல்கட்டில் இருந்த நசீமா வாசலுக்கு வந்தாள். அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஆயிஷா இருந்த காலத்திலும் அழுவாளே தவிரப் பேசமாட்டாள்.

"ஆயிஷாக்கு எப்ப கண்டோம்?" என்று காதரைக் கேட்டாள். "எலுமிச்சங்காயா வந்த பொறவு. நீங்க இஞ்ச வந்து எல்லார் காலையும் கழுவச் சொல்லுதிய. நான் அவனக் குளிப்பாட்டும்போ ஒவ்வொரு நாளும் தல முதல் கால் வர தடவித் தடவிப் பாக்கேன். அவன் கூச்சப்பட்டுச் சிரிக்கான். என்னால இதுக்கு மேல முடியாது. நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வராண்டாம்."

காதர் எழுந்தார். வாளித் தண்ணீரை எடுத்து வெளியே வாழை மூட்டில் ஊற்றினார். மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள்.

ரத்தம் எடுத்தது ஷைனிதான். அப்போது அவள் புதிது. ரியாசுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. காதர்தான் ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குழாய்களைப் பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பினேன். ஆயிஷாவின் மெழுகுக் கட்டியையும் டாக்டர் எடுத்துவரச் சொன்னார். அதிலிருந்து சில சீவல் எடுத்து அதையும் அனுப்பினோம். அத்தனை வருடம் கழித்தும் மெழுகுக்குள் அந்தச் சதை அன்று வைத்தபடி இருந்தது. அன்று என் கையில் நாடா கிழியவில்லை. வேறு நாளாக இருந்தால் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

முடிவு வந்ததும் டாக்டர் அதையும் ஒரு நாள் வைத்திருந்தார். அது அச்சடித்து வந்த தாள்தான், மறுபடி பார்த்தாலும் மாறப்போவதில்லை. ஆனாலும் வைத்திருந்தார்.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். ரியாசை ஷைனி வெளியே கூட்டிப்போனாள். என்னை இருக்கச் சொன்னார்.

"நசீமாக்கு இல்ல" என்றார். "காதருக்கு உண்டு. ஆயிஷாக்கு இருந்தது. ரியாசுக்கும் உண்டு."

நசீமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப..." என்று காதர் தொடங்கினார். "அப்ப கடல்ல இருந்தாலும் ஒண்ணுதான், மலையில இருந்தாலும் ஒண்ணுதான்."

"உனக்க வீட்டப் பொறுத்தவர அப்படித்தான்."

"நாந்தானே சார் குடுத்தேன். மண்ணு குடுத்ததுன்னு இத்தன வருசம் அதத் திட்டிட்டுக் கெடந்தேன். எனக்க பிள்ளைக்கு நாந்தான் குடுத்திருக்கேன்."

"உனக்கு யாரு குடுத்தா?"

காதர் நிமிர்ந்து பார்த்தார். "வாப்பாவோ உம்மாவோ. அக்காக்கும் வந்திருக்கே."

"அவங்க மேல உனக்குக் கோவம் உண்டா?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? பாவங்க."

"பொறவு?"

காதர் குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆயிஷா இறந்தபோதுகூட அவர் எங்கள் முன்னால் அழுததில்லை. டாக்டர் அவர் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

அழுது ஓய்ந்தபின் நசீமாதான் பேசினாள்.

"எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னா நம்ம ஊருக்கே போவோம். நான் ஆயிஷாக்க கபர் கிட்டப் போய் எத்தன வருசமாச்சு? மண்ணு ஒட்டும் ஒட்டும்னு என்னப் போகவே விடல்ல. அந்த மண்ணுலதான் எனக்க மவ கெடக்கா."

"போவோம்" என்றார் காதர்.

அதன் பிறகு டாக்டர் காரியத்துக்கு வந்தார். சில மாதத்துக்கு ஒருமுறை ரியாசுக்கு வயிற்றில் ஒலி ஸ்கேனும் ரத்தமும் பார்க்கவேண்டும், வருடத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கவும் தலையிலும் காந்த ஸ்கேன். உடம்புக்குள் நேராகப் பாய்ச்சும் கதிர் இவர்களுக்கு ஆகாது என்பதால், தவிர்க்கக்கூடிய இடத்தில் எக்ஸ்ரே வேண்டாம் என்று எல்லா டாக்டரிடமும் சொல்லவேண்டும். எங்கே ஒரு வீக்கம் தெரிந்தாலும் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே வரவேண்டும். காதருக்கும் இதே போலத் தனியாக. நசீமா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் போட்டுக்கொண்டாள்.

"இதெல்லாம் பாத்தா வராதா?" என்று காதர் கேட்டார்.

"வராதுன்னு நான் சொல்லமாட்டேன். வந்தா சீக்கிரம் பாப்போம்."

ஷைனி கதவைத் திறந்தாள். ரியாஸ் உள்ளே ஓடிவந்து வாப்பாவின் மடியில் ஏறினான். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டாவளா?" என்று கேட்டான். காதர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன வயசு வரைக்கும் சார் இவனக் கூட்டிட்டு வரணும்?"

"உயிரோட இருக்க வரைக்கும்."

காதர் பையனை இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப வந்துட்டே இருக்கோம்" என்றார்.